அழுத்திய கை

சூரமங்கலத்தில் இரயில் நிலையத்துக்குச் செல்லும் சாலையில் ஒரு மாலை, லாரி மோதி இளைஞர் ஒருவர் வீழ்ந்து கிடந்தார். தொடையிலிருந்து இரத்தம் பெருகிற்று. சூழ்ந்து நின்ற கூட்டத்தில் நாமும் இருந்தோம். ஒருவர் 108-ஐ அழைத்தார். ஒருவர் தண்ணீர் புகட்ட முனைந்தார் (அது கூடாதென்பர் மருத்துவர்). காய்கறிக் கூடையோடு வந்த அம்மையார் ஒருவர் மட்டும் தம் சும்மாட்டுத் துணியைக் காயத்தின்மேல் வைத்து இரு கைகளாலும் அழுத்தினார். தூய துணியே நல்லது. ஆனால் அது வரும்வரை இரத்தம் காத்திராதே! இளைஞர் அலறினார். "வலியில துடிக்கிறான், விட்ருங்கம்மா" என்றது கூட்டம். அவர் விடவில்லை.

எவருடைய இரக்கம் மெய்யான இரக்கம்?

வளர்ந்த மனிதர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தமே உண்டு. பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் பிரியலாம். அழுத்தினால் பெருக்கு தணிந்து இரத்தம் உறைய வழி பிறக்கும். "நின்றுவிட்டதா?" என்று கையை எடுத்துப் பார்த்தாலோ உறைந்தது கலைந்துவிடும். துணி நனைந்தால் அதன்மேல் மற்றொன்றை வைத்து அழுத்த வேண்டும். கை கால்களில் அதற்கும் அடங்காவிடில், காயத்துக்கு மேலே, மூட்டின்மீது படாமல், அகன்ற துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து மருத்துவரிடம் சொல்லவேண்டும். சரியாகக் கட்டினால் கடுமையாக வலிக்கும். வலி காணப் பொறாமல் கட்டைத் தளர்த்தும் இரக்கம், பிறரது துன்பத்தைவிடத் தன் மனவேதனையையே தணித்துக்கொள்கிறது அன்றோ?

மருந்தும் உண்டு. இந்தியா உட்பட 40 நாடுகளில் 20,000-க்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு, டிரானெக்ஸாமிக் அமிலம் என்னும் விலை மலிந்த மருந்தை 3 மணி நேரத்துக்குள் செலுத்தினால் இரத்தப் பெருக்கால் நேரும் சாவு குறையும் எனக் காட்டிற்று. ஆனால் அது மருத்துவ உதவி வரும்வரை உயிர் தரித்தவர்க்கே பயன்படும்.

காவல் நிலையம், நீதிமன்றம் என்ற அச்சத்தை நாம் நெடுங்காலம் சாக்காகக் கொண்டிருந்தோம். எந்த மருத்துவரும் முதலில் உயிரைக் காக்கவேண்டும் என உச்ச நீதிமன்றம் 1989-இலேயே தீர்ப்பளித்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்தோடு உதவுபவரை வழக்கினின்று காக்கிறது. அச்சட்டம் 'நல்ல சமாரியர்' என்னும் பெயரையே ஏற்றிருக்கிறது. மரபுப்படி லூக்கா மருத்துவர். சமாரியர் காயங்களைக் கட்டியதை அவர் குறிக்கத் தவறாததில் வியப்பில்லை. அவ்வழிப்போக்கருக்குக் கட்டத் தெரிந்திருந்தது. நமக்குத் தெரியவில்லை, ஒரு பிற்பகலில் கற்கக்கூடியதை நாம் கற்கவுமில்லை. இந்த அறியாமையைக் குற்றமற்றது என எப்படிச் சொல்வோம்?

ஆம்புலன்ஸ் வந்தது. ஊழியரின் கை துணிமேல் பதிந்த பின்னரே அம்மையார் தம் கைகளை எடுத்தார். அவை நடுங்கின. தேநீர்க் கடைக் குடத்திலிருந்து நாம் தண்ணீர் ஊற்ற, அவர் கழுவிக்கொண்டு கூடையைத் தேடினார்.