பொரிக்கும் குஞ்சுக்கு உதவலாமா? கருணையும் பக்குவமும்

வாத்து முட்டை அடை வைத்து 28 நாளில் பொரிக்கும். மஸ்கோவி வாத்துக்கு ஏறத்தாழ 35 நாள் ஆகும். வீட்டில் இன்குபேட்டர் வைத்துக் குஞ்சு எடுப்பவர்களுக்குக் கடைசி இரண்டொரு நாளில் ஒரு தர்மசங்கடம் வருகிறது. குஞ்சு ஓரிடத்தில் கொத்தி விரிசல் விட்டுவிட்டு, மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது. ஓட்டினைப் பிரித்து அதை வெளியே எடுப்பதா, அதன் பாட்டுக்கு விடுவதா? பண்ணைத் தொழிலின் கேள்வியாகத் தோன்றும் இது ஓர் அறக்கேள்வியும்கூட. தவிப்பதாகத் தெரியும் உயிரின்முன் கை நீட்டுவது எப்போது கருணை, எப்போது கேடு என்பதைச் சமணமும் பௌத்தமும் சைவமும் நெடுங்காலமாக ஆராய்ந்துள்ளன. அவற்றில் சில, பறவையையும் முட்டையையுமே உவமையாக எடுத்துக்கொண்டன.

முதலில் முட்டைக்குள் நடப்பதை அறிய வேண்டும். பொரிக்கும் தறுவாயில் குஞ்சின் அலகு உட்சவ்வைக் கிழித்து, முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறைக்குள் நுழைகிறது. அதுவரை ஓட்டின் உட்புறம் படர்ந்த இரத்தக் குழாய்களின் வழியே உயிர்வளி பெற்ற குஞ்சு, அப்போதுதான் நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்குகிறது. பிறகு அலகின் நுனியில் உள்ள முட்டைப்பல்லால் ஓட்டினைக் கொத்திச் சிறு துளை இடுகிறது. அதன்பின் வெளிப்பார்வைக்கு எதுவும் நடப்பதில்லை. வாத்துக் குஞ்சு இந்நிலையில் ஒரு நாளோ அதற்கு மேலோ கிடக்கும். உள்ளே இரண்டு வேலைகள் நடக்கின்றன: சவ்வில் ஓடும் இரத்தம் உடலுக்குள் திரும்புகிறது, எஞ்சிய மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. இவை முடிந்த பிறகே குஞ்சு சுழன்று சுழன்று ஓட்டின் தலைப்பகுதியை வட்டமாக உடைத்துத் தள்ளிவிட்டு வெளிவருகிறது. முடியுமுன் பிரித்தால் சவ்வு கிழிந்து இரத்தம் கொட்டும். மஞ்சள் கருப் பை வெளியே தொங்கும். உதவ வந்த கையாலேயே குஞ்சு சாகும்.

உதவக் கூடாது என்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் வேறு. ஓட்டோடு போராடினால்தான் குஞ்சுக்கு வலு வரும் என்பார்கள். கிரேக்க எழுத்தாளர் நிகோஸ் கசன்சாகிஸ் 1946-இல் வெளியிட்ட 'சோர்பா' நாவலில், கூட்டிலிருந்து வெளிவரும் வண்ணத்துப்பூச்சியை மூச்சுக்காற்றால் சூடேற்றி அவசரப்படுத்தியவன், அது தன் உள்ளங்கையில் இறப்பதைக் காண்கிறான். இத்தகைய கதைகளைக் கேட்டவர்கள், துன்பமே நல்ல ஆசான் என்ற முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள். வாத்து முட்டை அந்த முடிவுக்கு இடம் தரவில்லை. காத்திருக்கச் சொல்வதற்குக் காரணம், உடல் இன்னும் தயாராகவில்லை என்பது மட்டுமே. சவ்வு உலர்ந்து உடலோடு ஒட்டிக்கொண்டதால் திரும்ப முடியாமல் கிடக்கும் குஞ்சுக்கு அந்தத் தவிப்பு எந்த வலுவையும் தருவதில்லை, அதைக் கொன்றுவிடுகிறது. தயாராகிக்கொண்டிருக்கும் குஞ்சும், சிக்கிக்கொண்ட குஞ்சும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். சிக்கல் முழுவதும் இந்த ஒற்றுமையில்தான் இருக்கிறது.

இயற்கையின் போக்கில் விட்டுவிடுவதே முறை என்பது இன்னொரு வாதம். இன்குபேட்டரில் கிடக்கும் முட்டைக்கு அது பொருந்தாது. வெப்பத்தை 37.5 டிகிரி செல்சியஸில் வைத்தவரும், முட்டையைப் புரட்டியவரும், ஈரப்பதத்தைக் கூட்டியவரும் மனிதரே. இந்தத் தலையீடு புதியதும் அல்ல. முட்டைக்காகவே வளர்க்கப்பட்ட வாத்தினங்கள் பல அடைகாக்கும் இயல்பைப் பெரிதும் இழந்துவிட்டன. தமிழ்நாட்டில் வாத்து முட்டையை அடைக்கோழிக்கு அடியில் வைத்துப் பொரிக்க விடுவது பழைய வழக்கம். மேலும், சவ்வு உலர்ந்து போவதற்கு ஈரப்பதக் குறைவும், ஆவல் தாங்காமல் மூடியை அடிக்கடி திறப்பதும் முக்கியக் காரணங்கள். தாயின் இடத்தில் உட்கார்ந்தவர், கடைசி நாளில் மட்டும் இயற்கையின் மேல் பழியைப் போட்டுவிட்டு விலக முடியாது. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது பழமொழி. மனித விரலுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. ஆகவே பொறுப்பும் உண்டு, அபாயமும் உண்டு.

இந்தப் பொறுப்பின் தன்மையைச் சமணம் நுணுக்கமாகப் பேசியுள்ளது. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம், உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுவதை அவற்றின் இயல்பான செயலாகக் கூறுகிறது. அதே நூல், கவனமின்மையால் உயிரைப் போக்குவதையே இம்சை என்று வரையறுக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், உதவும் எண்ணம் மட்டும் போதாது, விழிப்பும் வேண்டும். பதற்றத்தில் ஓட்டினைப் பிரிப்பவரின் நெஞ்சில் இரக்கம் இருக்கலாம், செயலில் இம்சை இருக்கிறது. சமணருக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு உண்டு. 1760-இல் தேராபந்தப் பிரிவைத் தோற்றுவித்த ஆசாரிய பிக்ஷு, உயிரைக் காப்பாற்றும் உலகியல் கருணை வேறு, ஆன்மாவை உயர்த்தும் கருணை வேறு என்றார். மற்றப் பிரிவினர் இதை ஏற்கவில்லை. டெல்லியில் செங்கோட்டைக்கு எதிரே உள்ள சமணக் கோயில், காயம்பட்ட பறவைகளுக்கென்றே மருத்துவமனை நடத்திவருகிறது.

பௌத்தத்தின் உவமை இன்னும் நெருக்கமானது. மஜ்ஜிம நிகாயம் என்ற பௌத்த நூலில் எட்டு, பத்து அல்லது பன்னிரண்டு முட்டைகளை ஒழுங்காக அடைகாத்த கோழியைப் பற்றிய பேச்சு வருகிறது. குஞ்சுகள் நலமாக வெளிவர வேண்டும் என்று அந்தக் கோழி விரும்பாவிட்டாலும், அவை அலகாலும் நகத்தாலும் ஓட்டினை உடைத்து வரும் தகுதி பெற்றிருக்கும். சம்யுத்த நிகாயம் என்ற மற்றொரு பௌத்த நூல் இதன் மறுபக்கத்தையும் சொல்கிறது: சரியாக அடைகாக்காத கோழி எவ்வளவு விரும்பினாலும் குஞ்சு வராது. காரணங்களைச் சேர்ப்பது மட்டுமே ஒருவர் கையில் உள்ளது. ஆசையும் பதற்றமும் அந்தக் காரணங்களில் சேரா. இன்குபேட்டர் முன் கண்விழித்து உட்கார்ந்திருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை கிடைப்பது கடினம்.

சீனத்து ஜென் மரபு உதவியின் நேரத்தைப் பற்றிப் பேசியது. குஞ்சு உள்ளிருந்து கொத்தும் அதே கணத்தில் தாய் வெளியிலிருந்து கொத்துவதாக ஒரு கருத்து அதில் உண்டு. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'நீலப் பாறைப் பதிவுகள்' தொகுப்பின் 16-ஆவது நிகழ்வில், தான் உள்ளிருந்து கொத்துவதாகவும் குரு வெளியிலிருந்து கொத்த வேண்டும் என்றும் ஒரு துறவி கேட்கிறார். அப்படிச் செய்தால் நீ பிழைப்பாயா என்பதே குரு ஜிங்சிங்கின் எதிர்க்கேள்வி. வாத்துகள் உண்மையில் அலகால் உதவுவதில்லை, குரலால் உறவாடுகின்றன. பொரிப்பதற்கு முன்பே குஞ்சு முட்டைக்குள்ளிருந்து ஒலி எழுப்பும். தாயும் குரல் கொடுக்கும். கில்பர்ட் காட்லீப் என்ற அமெரிக்க உளவியலாளர் காட்டு வாத்துக் குஞ்சுகளை ஆராய்ந்து, முட்டைக்குள் கேட்ட ஒலி அனுபவம் பிற்பாடு தன் இனத்துத் தாயின் குரலை அடையாளம் காண உதவுகிறது என்று காட்டினார்.

இக்கேள்விக்கு மிகத் தெளிவான கருவிகளைத் தருவது சைவ சித்தாந்தம். இறையருள் எப்போதும் இருக்கிறது; ஆனால் உயிரை மறைக்கும் ஆணவ மலம் பக்குவப்படும் வரை அது மறைந்து நின்றே செயல்படுகிறது. மலபரிபாகம் எனும் அந்தப் பக்குவம் வந்தபின் சத்திநிபாதம், அதாவது அருள் பதிதல், நிகழ்கிறது; குரு வெளிப்படுகிறார். மறைந்து நிற்கும் காலத்திலும் அருள் ஓய்ந்திருப்பதில்லை. பக்குவத்தை உண்டாக்குவதே அப்போது அதன் வேலை. தீட்சை வகைகளை விளக்கும்போது, தொட்டு அளிப்பதற்குப் பறவையும், நோக்கி அளிப்பதற்கு மீனும், நினைந்து அளிப்பதற்கு ஆமையும் உவமைகளாகின்றன. இதில் பறவையின் தீண்டல் எத்தகையது என்பதைக் கவனிக்க வேண்டும். அது சூடு தருகிறது, ஓட்டினை உடைப்பதில்லை.

இந்த அளவுகோல் நடைமுறைக்கும் பொருந்தும். வெப்பத்தையும் ஈரத்தையும் நிலையாக வைத்து, மூடியைத் திறக்காமல் இருப்பதே முதல் உதவி. துளையிட்டு ஒரு நாளைத் தாண்டி வெகுநேரமாகியும் முன்னேற்றம் இல்லை, சவ்வு காய்ந்து மஞ்சளித்துவிட்டது, அல்லது குஞ்சு தலைகீழாக அமைந்து குறுகிய முனையில் கொத்தியிருக்கிறது என்றால் அடுத்த படிக்குப் போகலாம். மூச்சுக்கு வழி இருக்கும்படி துளையைச் சிறிது பெரிதாக்கி, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரமாக்க வேண்டும். சிவந்த இரத்தக் குழாய்கள் தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, முட்டையை மீண்டும் உள்ளே வைத்துவிட வேண்டும். அவை வற்றியபின் தலைப்பக்கத்து ஓட்டினைச் சிறிது சிறிதாக நீக்கலாம். கடைசி உந்தலைக் குஞ்சிடமே விட்டுவிடுவது நல்லது. மஞ்சள் கரு முழுவதும் உள்ளே போவதற்கு அது அவகாசம் தருகிறது.

பலவீனமான குஞ்சைக் காப்பாற்றினால் இனம் கெடும் என்று வளர்ப்பவர்கள் சிலர் அஞ்சுவதுண்டு. அந்தக் கவலைக்கு அதை இனப்பெருக்கத்தில் சேர்க்காமல் விடுவது போதும். சாக விட வேண்டியதில்லை. குறுகிய முனையில் கொத்தியதோ, சவ்வு உலர்ந்ததோ குஞ்சின் பலவீனத்தைக் காட்டும் சான்றும் அல்ல. மாறாக, வெளிவந்தபின் பிழைக்க வழியே இல்லாத குஞ்சின் வேதனையை நீட்டுவதைக் கருணை என்று சொல்ல முடியாது. உதவலாமா என்ற கேள்விக்கு மரபுகளும் உயிரியலும் சேர்ந்து தரும் விடை ஒன்றே: உதவலாம், பக்குவம் கண்டபின், அதுவரை சூட்டையும் ஈரத்தையும் காத்து நிற்பதே உதவி.