வீட்டு மொழிக்கு மதிப்பெண் இல்லை

அமெரிக்கா ஆண்டுதோறும் எடுக்கும் சமூகக் கணக்கெடுப்பில், ஐந்து வயது நிரம்பிய ஒவ்வொருவரைப் பற்றியும் மொழிக்கேள்விகள் உண்டு. வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசுகிறாரா? என்ன மொழி? அவருடைய ஆங்கிலம் எப்படி? ‘மிக நன்று’ என்பதற்கு ஒரு படி கீழே இறங்கினாலும் அட்டவணையில் அவர் ஆங்கிலம் போதாதவர். வாக்குச்சீட்டை எந்தெந்த மொழியில் அச்சிடுவது என்று தீர்மானிக்க இந்தக் கணக்கு வேண்டியிருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீட்டு மொழியை அவர் எப்படிப் பேசுகிறார் என்று அந்தப் படிவம் கேட்பதே இல்லை.

ஒஹையோ மாநிலத்தின் ஹோம்ஸ் கவுண்டியில் இது உறைக்கும். 2020 கணக்கில் 44,223 பேர்; ஏறக்குறைய பாதி ஆமிஷ் என்ற கிறித்தவச் சபையினர். வீட்டில் பென்சில்வேனியா டச்சு. பெயர்தான் டச்சு, 18ஆம் நூற்றாண்டில் ரைன் நதிப் பக்கமிருந்து கப்பலேறி வந்த ஜெர்மன் பேச்சுவழக்கு அது. ஐந்து வயதுப் பிள்ளை கோழியை விரட்டுவதும் தம்பியோடு மல்லுக்கு நிற்பதும் அதில்தான். பள்ளிக்கூடம் போன பிறகே ஆங்கிலம் படியும். அதுவரை, வாய் ஓயாத அந்தப் பிள்ளை அட்டவணையில் ஒரு குறை.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிடும். அதற்கு மேல் கட்டாயப்படுத்தக் கூடாதென்று 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதற்குள் ஆங்கிலம் கைவந்துவிடுகிறது. பக்கத்து ஷுகர்கிரீக்கில் 1890இல் தொடங்கிய ‘தி பட்ஜெட்’ வார இதழுக்கு ஆமிஷ் குடும்பங்கள் எழுதும் ஊர்ச்செய்திகள், யார் வீட்டில் குழந்தை பிறந்தது, அறுவடை எப்படி, எல்லாம் ஆங்கிலத்தில். எழுதி முடித்துவிட்டு மகளைச் சாப்பிடக் கூப்பிடுவது டச்சில். வழிபாட்டில் வாசிக்கும் வேதமோ லூத்தரின் ஜெர்மனில். எழுத ஒன்று, பேச ஒன்று என்பது நமக்குப் புதிதா என்ன?

ஒரு காலத்தில் டச்சு பேசியவர்களில் பெரும்பான்மையோர் ஆமிஷ் அல்லர்; லூத்தரன், சீர்திருத்தச் சபைக் குடியானவர்கள். அவர்கள் வீடுகளில் இன்று அது அநேகமாக இல்லை. முதல் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் வெறுப்பைக் காரணம் காட்டுவார்கள். 1919இல் ஒஹையோ, எட்டாம் வகுப்புக்குக் கீழே ஜெர்மன் கற்பிக்கத் தடை போட்டது உண்மை. 1923இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்ததும் உண்மை. ஆனால் டச்சு பள்ளிக்கூடத்தை நம்பிப் பிழைத்த மொழியல்ல. பிள்ளைகள் டவுனுக்கு வேலைக்குப் போனார்கள், வெளியில் சம்பந்தம் செய்தார்கள், தொட்டிலருகே ஆங்கிலம் பேசத் தொடங்கினார்கள். ஆமிஷ்காரர்களுக்கும் ஆங்கிலம் தெரியும். தொட்டிலருகே ஆங்கிலத்தை வரவிடவில்லை, அவ்வளவுதான். மொழியைக் கொன்றது ஆங்கிலம் என்று சொல்லிக்கொள்வது நமக்கு வசதி. பழி வெளியே போய்விடுகிறது.

இப்படி மொழியைக் காப்பதற்கு ஆமிஷ்காரர்கள் கொடுக்கும் விலை லேசல்ல. உயர்நிலைப் பள்ளி கிடையாது, கல்யாணம் சபைக்குள்தான், சபையை விட்டுப் போனவன் தகப்பன் வீட்டிலேயே தனிமேசையில் சாப்பிட நேரலாம். இதைப் போற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சுமார் இருபதாண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் அந்தச் சமூகத்தில், மொழியைக் காப்பாற்ற ஒரு சங்கமோ மாநாடோ கூட்ட வேண்டிய தேவை இதுவரை யாருக்கும் வரவில்லை.