ஊசிக்குக் கணக்கு உண்டு, உங்களுக்கு?

எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஊசி முறிந்தால் என்ன நடக்கும் என்று திருப்பூரில் டைலர் யாரைக் கேட்டாலும் சொல்வார். மெஷினை நிறுத்த வேண்டும். முறிந்த துண்டுகளை ஒன்று விடாமல் தேடி எடுக்க வேண்டும். அவற்றை நோட்டில் ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கிய பிறகுதான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தச் சரக்கைச் சோதிக்காமல் பேக்கிங்குக்கு விட மாட்டார்கள். சில ரூபாய் பெறும் ஊசிக்கு இத்தனை கணக்கு. கணக்கு வைக்கட்டும், நல்லதுதான். எங்கோ ஒரு நாட்டில் அந்தச் சட்டையைப் போடும் குழந்தையின் உடம்பில் அது குத்திவிடக் கூடாது.

ஆனால் அந்த ஊசியை ஓட்டுகிற உங்கள் பெயர் எந்த நோட்டில் இருக்கிறது? உங்கள் விரலில் ஊசி ஏறினால், பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கினால், ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வண்டியில் போகும்போது லாரி இடித்தால், உங்களுக்குக் கணக்குப் பார்க்க ஆள் உண்டா?

உண்டு. ஆள் இல்லை என்று உங்களை நம்ப வைத்திருக்கிறார்கள். நீங்களும் நம்பிவிட்டீர்கள். அந்த நம்பிக்கையைத்தான் இன்றைக்கு உடைத்தாக வேண்டும்.

தொழிலாளர் அரசுக் காப்பீடு, அதாவது இ.எஸ்.ஐ. என்ற மூன்று எழுத்தைக் கேட்டதும், "அதுல பிடிச்சுட்டா கையில வர்றது குறைஞ்சு போகுங்க" என்கிறோம். எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? உங்கள் பங்கு சம்பளத்தில் முக்கால் விழுக்காடு. வாரம் 4,000 ரூபாய் வாங்குகிறவருக்கு 30 ரூபாய்தான் பிடித்தம். அதே வாரத்துக்கு உங்கள் பெயரில் கம்பெனி கட்ட வேண்டியது மூன்றேகால் விழுக்காடு, 130 ரூபாய். கம்பெனி தன் பங்கை உங்கள் கூலியிலிருந்து பிடிக்கவே கூடாது என்று சட்டம் சொல்கிறது. 30 ரூபாய் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு வாரா வாரம் 130 ரூபாயை விட்டுக்கொடுத்து வருகிறீர்கள். தாராபுரம் ரோட்டில் ஒரு முறை ஸ்கேன் எடுத்தாலே அந்த மிச்சம் பறந்துவிடாதா?

இந்த 30 ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கும் மனைவிக்கும் அல்லது கணவருக்கும், பிள்ளைகளுக்கும், உங்களை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் வைத்தியம். நோயில் படுத்தால், ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள் கட்டியிருந்தால் போதும், ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு வீடு வந்து சேரும். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு, தொடர்ந்து சந்தா கட்டியவருக்கு 80 விழுக்காடு, 2 ஆண்டு வரை. பிரசவத்துக்கு 26 வாரம். வேலையில் அடிபட்டால், சேர்ந்த முதல் நாளாகவே இருந்தாலும், கூலியில் 90 விழுக்காடு. கம்பெனிக்கு வரும் வழியில், வீட்டுக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும் இதில் அடங்கும் என்று 2010-இல் சட்டத்தையே திருத்தினார்கள். நடு இரவில் ஷிப்ட் முடித்து மங்கலம் ரோட்டிலும் பெருமாநல்லூர் ரோட்டிலும் வண்டி ஓட்டுகிற நம் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னவர் யார்?

இது யாரும் போடும் பிச்சை இல்லை. பேராசிரியர் ஆதார்க்கர் 1944-இல் கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்து, 1948-இல் சட்டமாகி, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய உரிமை. தமிழ்நாட்டில் இது முதலில் வந்த இடம் எது தெரியுமா? சென்னை இல்லை, நம் கோயம்புத்தூர். ஆண்டு 1955. அன்றைக்குத் திருப்பூர் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் எழுபது ஆண்டுக்கு முன்பு வந்து நின்ற ஒரு பாதுகாப்பு, இன்னும் பல ஜாப் ஒர்க் செட்டுகளின் வாசலைத் தாண்டவில்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை. உங்களுக்கும் பொறுக்கக் கூடாது.

"காண்ட்ராக்ட்ல வேலை பார்க்கிறேங்க, கம்பெனி ஆள் இல்லைங்க." இதுதான் இந்த ஊரில் அதிகம் ஓடுகிற பொய். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலை சட்டத்துக்குள் வரும். காண்ட்ராக்டர் கூட்டி வந்த ஆளும் அந்தப் பத்தில் ஒருவர்தான். அவருக்கான சந்தாவை முதலில் கட்ட வேண்டியது கம்பெனி. பிறகு காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்வது அவர்கள் பாடு. பீஸ் ரேட் என்பதாலும் விலக்கு இல்லை. மாதக் கூலி 21,000 வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். ஓவர்டைம் போட்டு அதைத் தாண்டிவிட்டது என்று யாராவது உங்களைக் கழற்றிவிட்டால் நம்பாதீர்கள். வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைம் பணம் சேராது.

இன்னொரு பயம்: "ஆறு மாசத்துக்கு ஒரு கம்பெனி மாறுறோம், இது எதுக்குங்க?" மாறுங்கள், உங்கள் எண் மாறாது. ஒரு முறை வாங்கிய இ.எஸ்.ஐ. எண்ணை அடுத்த கம்பெனியில் கொடுத்தால் போதும். அனுப்பர்பாளையத்தில் தொடங்கி நல்லூரில் தொடரலாம். எண்ணை எழுதி வைக்காமல் ஒவ்வொரு கம்பெனியிலும் புது எண் போட விட்டால்தான் கட்டிய சந்தா சிதறிப் போகும்.

மருந்தகத்தில் கூட்டம், மாத்திரை இல்லை, நாள் முழுக்க நிற்க வேண்டும் என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும். அந்தக் கோபம் நியாயமானது. ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் ஊரில், 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அடிக்கல் விழவே 2019 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் வெளியே நின்று குறை சொல்கிறவரின் குரலை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். சந்தா கட்டுகிறவர் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். முதலில் உள்ளே வாருங்கள். பிறகு சேர்ந்து மேசையைத் தட்டுவோம்.

பத்துப் பேர் இல்லாத பட்டறையில் இருப்பவர், வீட்டில் உட்கார்ந்து பிசிறு வெட்டும் அக்கா, கணவரை இழந்து கை மடிக்கப் போகும் தாய் ஆகியோருக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைத்தியம். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும் என்று தயங்காதீர்கள். ஆண்டு முழுக்க வேலை கிடைக்கும் டைலர் இந்த வரம்பைத் தாண்டிவிடுவார், அவருக்கு இ.எஸ்.ஐ.தான் கதவு. பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து உங்கள் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கிற தம்பிக்கும் அதே கதவுதான். அது ஊரும் மொழியும் பார்க்காது. அவர் ஊரில் எடுத்த ஆயுஷ்மான் அட்டை இருந்தால், அத்திட்டத்தில் சேர்ந்த இங்குள்ள மருத்துவமனைகளிலும் செல்லும். இந்தி தெரியாவிட்டாலும் கையைப் பிடித்துக் கூட்டிப் போக உங்களால் முடியாதா?

நான் வற்புறுத்துவது இதைத்தான். அமெரிக்காவில் 2010-இல் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் போட்டபோது, சட்டம் வந்தால் மக்கள் தாமாக வந்து சேர்வார்கள் என்று அவர்கள் நினைக்கவில்லை. மக்களைத் தேடிப் போய் விளக்கிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் வழிகாட்டிகளையும் அதே சட்டத்தில் எழுதிச் சேர்த்தார்கள். இங்கே 2025 ஜூலை 1 முதல் சில மாதங்களுக்கு, பழைய பாக்கி கேட்க மாட்டோம், வந்து பதிந்துகொள்ளுங்கள் என்று இ.எஸ்.ஐ. கழகம் முதலாளிகளை அழைத்தது. நல்ல காரியம். தொழிலாளியை அழைக்க ஆள் வேண்டுமே? அந்த ஆள் நீங்கள்தான்! லைனில் ஒருவருக்கு விவரம் தெரிந்தால் அந்த லைன் முழுக்கத் தெரிய வேண்டும். டீ டைமில் சொல்லுங்கள். லேடீஸ் ஹாஸ்டலில் சொல்லுங்கள். உமங் செயலியைத் திறந்து, பிடித்த சந்தா கட்டப்பட்டிருக்கிறதா என்று பக்கத்து அக்காவுக்குப் பார்த்துக் கொடுங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்றும் சொல்லுங்கள்.

கேட்டால் வேலை போய்விடும் என்று நடுங்குகிறீர்களா? 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் மெஷினை நிறுத்தி நின்ற ஊர் இது! அன்றைக்கு நின்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். பட்டினியோடு நின்று கேட்ட ஊருக்கு, சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே எழுதியிருப்பதைக் கேட்க வாய் வராதா? தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் பத்துப் பேராகக் கேளுங்கள். நல்ல டைலர் கிடைக்காமல் கேட்டில் போர்டு மாட்டிக் காத்திருப்பது முதலாளிகள்தான். உங்கள் கைக்கு இந்த ஊரில் என்ன மதிப்பு என்று உங்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும்!

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பலர் சிங்கர் மெஷினில் உட்கார்ந்துதான் மேலே வந்தவர்கள். பையர் ஆடிட்டுக்காக மட்டும் பத்துப் பேருக்கு இ.எஸ்.ஐ. காட்டிவிட்டு, மீதிப் பேரை நோட்டுக்கு வெளியே நிறுத்தாதீர்கள்.

வருகிற சனிக்கிழமை சம்பளக் கவரை வாங்கும்போது கேளுங்கள்: "என் இ.எஸ்.ஐ. நம்பர் என்னங்க?" எண் கிடைத்தால் போனில் பதிந்து வையுங்கள். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை 1800 11 2526 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுக்கு 1800 425 3993. கேட்கப் போகும்போது இன்னொருவரையும் உடன் அழைத்துக்கொண்டு போங்கள்.