கூரையும் கரையும்

2004 டிசெம்பர் 26ஆந் திகதிக் கடற்கோளின் பின்னர், இலங்கையில் கரையோரத்தே வீடு கட்டுதல் தடுக்கப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். உயிர்காக்கும் அந்நோக்கம் இகழத்தக்கதன்று. எனினும், வறியோருக்கு வீடு அளிப்பவர், அவர் எங்கே வாழ்வது என்பதையும் தீர்மானிக்கும் உரிமையைப் பெற்றுவிடுகின்றாரா?

மீனவக் குடும்பத்துக்குக் கடற்கரை உறங்குமிடம் மட்டுமன்று. விடியுமுன் காற்றின் போக்கை அறிவதும், வள்ளத்தையும் இயந்திரத்தையும் காவல் செய்வதும், கரைவலை இழுக்க ஓடுவதும், எஞ்சிய மீனைக் கருவாடாக உலர்த்துவதும் அங்கேயே. தொலைவில் எழும் கல்வீடு கூரையைத் தந்து தொழிலைப் பறிக்கின்றது. நாளாந்தப் பேருந்துக் கட்டணத்தை எந்தக் கொடையாளர் கணக்கிற் சேர்த்தார்?

கடல் மீண்டும் பொங்கலாம், உண்மையே. ஆயின் அதே எல்லைக்குள் உல்லாச விடுதிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. செல்வர் ஏற்கும் அபாயம் முதலீடு, வறியவர் ஏற்பது அறியாமையா? தடை 2005 இறுதியிலேயே தளரத் தொடங்கிற்று என்பதையும் நினைக.

பெற்றோர் தம் பிள்ளைகளின் உயிரையும் பணயம் வைக்கலாமா என்பதே என்னைத் தயங்கவைக்கும் வினா. அப்பிள்ளைகளுக்காகவேனும், முன்னெச்சரிக்கையையும் மேட்டுநிலத்துக்கு ஓடும் பாதையையும் அக்கரையிலேயே கேட்கும் உரிமை அவர்களுக்குண்டு.