கேமராவுக்கு வெளியே இருப்பவை

ஆட்டிசம் இருக்கிறதா என்று அறிய ஓர் உளவியலாளரிடம் இணையவழியில் நேரம் வாங்கியிருக்கிறேன் என்றதும் தோழி சொன்னாள்: "எதுவும் தயார் பண்ணாத. இயல்பா இரு, அவங்களே கண்டுபிடிச்சுடுவாங்க."

அன்போடு சொன்னதுதான். ஆனால் நாற்பதைத் தாண்டிய எனக்கு, புதிய மனிதர் முன் இயல்பாக இருப்பதே பல வருடம் பழகிக்கொண்ட வேலை. சித்தி மகளைப் பார்த்து எங்கே சிரிக்க வேண்டும் என்று கற்றேன். கண்ணைப் பார்க்க முடியாததால் பொட்டைப் பார்த்துப் பேசப் பழகினேன். வங்கிக்குப் போன் செய்யும் முன் பேச வேண்டியதைத் தாளில் எழுதிக்கொள்வேன். இத்தனையும் கைவந்த பிறகு கேமரா முன் உட்கார்ந்தால், தெளிவாகப் பேசும் ஒரு பெண்தான் தெரிவாள். மேசைக்குக் கீழே விரல்கள் துப்பட்டாவை முறுக்கிக்கொண்டே இருப்பது திரையில் வராது.

நேரில் போனால் இதில் கொஞ்சமாவது கண்ணில் படும். 'ஏடாஸ்' என்ற சோதனையே, ஒரே அறையில் உட்கார்ந்து, பேசவும் செய்யவும் வைத்துக் கவனிப்பதற்காக உருவானது. அதை அப்படியே வீடியோ அழைப்புக்கு மாற்ற முடியாது. அதனால் இணையவழியில், வாழ்ந்த கதையை விரிவாகக் கேட்பதற்குத்தான் கனம் அதிகம். அந்தக் கதையை நான்தான் கொண்டுபோக வேண்டும். தயாராவது ஏமாற்றுவது ஆகிவிடுமோ என்ற உறுத்தல் இதை உணர்ந்ததும் போய்விட்டது.

குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் பற்றி 1943இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் பதினொரு குழந்தைகள் வருகிறார்கள். முதல் குழந்தை டொனால்ட், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூர்க்காரன். 1938இல் அவனைக் கானரிடம் காட்டுவதற்கு முன்பே, அவன் அப்பா 33 பக்கம் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். தனியாக விட்டால் பிள்ளை மகிழ்ச்சியாக இருப்பது, உருண்டையான பொருள்களைச் சுழற்றுவது என்று பார்த்ததையெல்லாம் எழுதினார். மகனுக்கு இருப்பதற்கு அன்று பெயரே கிடையாது. பெயர் தெரியாததால்தான் அவ்வளவு நுணுக்கமாக எழுதினாரோ என்று எனக்குத் தோன்றுகிறது.

நானும் அப்படித்தான் எழுதுகிறேன். 'சத்தம் ஒத்துக்கொள்ளாது' என்று எழுதினால் அது எல்லோருக்கும் பொருந்திவிடும். குக்கர் விசிலடிக்கும் முன் அடுப்படியை விட்டு வெளியே வந்துவிடுவேன். கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் நான் கைகழுவும் இடத்தில் நிற்பேன். கல்யாணத்துக்குப் போய்வந்த மறுநாள் யாரிடமும் ஒரு வார்த்தை பேச முடியாது. அந்த மறுநாளைத்தான் முக்கியமாகக் குறித்து வைக்கிறேன். கல்யாணத்தில் என்னைப் பார்த்தவர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடு, ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றில் உள்ள வேறுபாடுகளையும் அடையாளங்களில் சேர்த்தது. கற்றுக்கொண்ட உத்திகளால் அடையாளங்கள் பிற்காலத்தில் மறைந்திருக்கலாம் என்றும் சொல்கிறது.

கேள்வித்தாள்கள் தனி. 2001இல் ஆட்டிசம் ஆய்வாளர் சைமன் பாரன்-கோஹென் குழுவினர் உருவாக்கிய 50 கேள்விகள், முதற்கட்ட வடிகட்டலுக்கு மட்டுமே. விருந்தா நூலகமா, எது பிடிக்கும் என்கிற மாதிரி கேட்பார்கள். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகாமலிருக்கும் உரிமை எனக்கு என்றைக்கு இருந்தது? பதிலைக் குறித்துவிட்டு, பக்கத்தில் ஓர் உதாரணமும் எழுதிவிடுகிறேன்.

கடைசியில் ஆட்டிசம் 'இல்லை' என்றும் பதில் வரலாம். பதற்றமோ, ஏடிஎச்டி என்கிற கவனக்குறைவுச் சிக்கலோ காரணமாக இருக்கலாம். அதையும் கேட்டுக்கொள்ளத்தான் போகிறேன்.

கடினமான பகுதி அம்மா. அடையாளங்கள் சிறுவயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்பதால், முடிந்தால் பெற்றவர்களிடமும் கேட்பார்கள். "சின்ன வயசுல நான் எப்படிம்மா இருந்தேன்?" என்றேன். "தொந்தரவே கிடையாது. ஒரு மூலைல உக்கார வெச்சா அங்கயே இருப்ப. தங்கமான புள்ள" என்றாள். அவளுக்கு அது பெருமை. எதற்குக் கேட்கிறேன் என்று விளக்கியதும் முகம் மாறிவிட்டது. "நான் சரியா வளக்கலைன்னு சொல்றியா?"

இப்படித் தாய்மார்களைக் குற்றவாளிகளாக்கியதில் மருத்துவ உலகத்துக்கும் பங்குண்டு. தாயிடம் பாசம் இல்லாததே ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற கருத்தை, புருனோ பெட்டல்ஹெய்ம் 1967இல் எழுதிய நூல் எங்கும் பரப்பியது. அது தவறு என்று கைவிடப்பட்டுப் பல காலம் ஆகிறது. அம்மா அந்த நூலைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. பயம் மட்டும் வந்து சேர்ந்துவிட்டது. இது பிறவியிலேயே வருவது, வளர்ப்பில் வருவதில்லை என்று மறுபடி மறுபடி சொன்னேன். சொல்லி இரண்டு நாள் கழித்து அவளாகவே ஆரம்பித்தாள்: "தாத்தாவோட அறுபதாம் கல்யாணத்துல பட்டுப்பாவாடை ஜரிகை குத்துதுன்னு கழட்டிப் போட்டுட்டு பெட்டிக்கோட்டோட நின்ன. நான் உன்ன அடிச்சேன்." எனக்கு அது நினைவே இல்லை. அவள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி வைத்தேன்.

அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள் என்று உளவியலாளரிடம் கேட்டிருக்கிறேன். நான் அறையில் இருந்தால் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசுவாள். தமிழிலேயே கேட்பார் என்பதையும் உறுதிசெய்துகொண்டேன். மதியம் அவள் தூங்கி எழுந்து காபி குடித்த பிறகு, நாலரைக்கு.