கடன்பட்ட கட்சி

எதிர்க்கட்சியாக இருக்கும்போது உரிமை பேசுவது எளிது. ஆட்சிக்கு வந்த பிறகும் பேசலாம். மேடையில் யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கட்சியே எழுதிய அரசமைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் ஏழை நீதிமன்றப் படியேறி வரும்போது, எதிர்மனுதாரராக நின்று அது என்ன வாதிடுகிறது? பொருளாதார, சமூக உரிமைகளில் ஒரு கட்சிக்கு உள்ள பற்றுறுதியை அளக்க இதைவிட நேரான இடம் இல்லை. தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ், அதாவது ஏஎன்சி, இந்தச் சோதனைக்குத் தன்னை வலிய உட்படுத்திக்கொண்ட கட்சி. அதில் அது எந்த அளவுக்குத் தேறியது என்பதுதான் சிக்கலான கேள்வி.

உரிமைப் பேச்சு அந்தக் கட்சிக்குத் தேர்தல் நேரத்துச் சரக்காக வந்ததில்லை. 1943 டிசம்பரில், ஆல்ஃபிரட் க்ஸூமா தலைவராக இருந்த காலத்தில், ஆப்பிரிக்கர்களின் உரிமைக் கோரிக்கைகள் என்ற ஆவணத்தை ஏஎன்சி ஏற்றுக்கொண்டது. 1955 ஜூனில் ஜோகன்னஸ்பர்க் அருகே கிளிப்டவுன் திடலில் சுமார் 3,000 பிரதிநிதிகள் கூடி ஏற்ற சுதந்திர சாசனத்தில், வாக்குரிமைக்குப் பக்கத்திலேயே நிலமும் வீடும் வேலையும் கல்வியும் மருத்துவமும் இடம்பெற்றன. தொண்டர்கள் ஊர் ஊராகப் போய், துண்டுத் தாள்களில் எழுதி வாங்கி வந்த கோரிக்கைகள் அவை. வாக்கு கேட்பதற்கே வழியில்லாத கட்சி அப்போது அது. அந்த நேரத்தில் சொன்ன சொல்லில் ஆதாயக் கணக்கு இருந்திருக்க முடியாது.

1994 தேர்தலில் 62 விழுக்காட்டுக்கும் மேல் வாக்கு பெற்று நெல்சன் மண்டேலா ஆட்சி அமைத்தார். அரசமைப்பை எழுதும் வேலை தொடங்கியபோது இந்திய வழி கண்முன்னே இருந்தது. இந்திய அரசமைப்பின் நான்காம் பகுதியில் வாழ்வாதாரம், ஊதியம், பொதுச் சுகாதாரம் எல்லாம் உண்டு; ஆனால் அவற்றை நீதிமன்றத்தின் வழியே வற்புறுத்திப் பெற முடியாது என்று 37-ஆம் உறுப்பு முன்கூட்டியே கதவைச் சாத்திவிடுகிறது. ஆளும் கட்சிக்கு அது வசதியான ஏற்பாடு. தென்னாப்பிரிக்காவில் அறிஞர்கள் சிலரே அதைப் பரிந்துரைத்தார்கள். வரவு செலவை நீதிபதிகள் தீர்மானிக்கக் கூடாது என்ற அவர்களது அச்சத்தில் நியாயமும் இருந்தது. ஆனாலும் 1996 அரசமைப்பின் 26-ஆம் பிரிவு வீட்டையும், 27-ஆம் பிரிவு மருத்துவம், உணவு, நீர், சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றையும் உரிமைகளாக அறிவித்தன. அரசு தனக்குக் கிடைக்கும் வளத்துக்குள், நியாயமான நடவடிக்கைகள் எடுத்து, படிப்படியாக நிறைவேற்ற வேண்டும் என்பது நிபந்தனை. நிறைவேற்றாவிட்டால் யாரும் வழக்குத் தொடுக்கலாம்.

இந்தத் தேர்வின் அறப்பொருளைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. இலவசமாகக் கொடுப்பவன் எப்போதும் உயர்ந்த இடத்தில் நிற்கிறான். கொடுக்கலாம், நிறுத்தலாம், நன்றியை எதிர்பார்க்கலாம். கடன்பட்டவனுக்கு அந்த வசதி கிடையாது. எதிரே நிற்பவர் குரலை உயர்த்திக் கேட்டாலும் பதில் சொல்லியாக வேண்டும். அசைக்க முடியாத பெரும்பான்மை கைக்கு வந்திருந்த வேளையில், கொடையாளியின் நாற்காலியை விட்டிறங்கி மக்களுக்குத் தன்னைக் கடனாளியாக எழுதிக்கொடுத்தது ஏஎன்சி.

முதல் பெரிய வழக்கு டர்பனிலிருந்து வந்தது. தமிழ் வாசகருக்கு அதன் பெயரே நெருடும்: சூப்ரமணி வழக்கு. கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய மக்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர் அது. மனுதாரருக்கு வயது 41, வேலை இல்லை, நீரிழிவும் இதய நோயும் உண்டு, இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. கைப்பணம் தீரும்வரை தனியாரிடம் டயாலிசிஸ் செய்துகொண்டார். பிறகு அரசின் அடிங்டன் மருத்துவமனையிடம் போனார். அங்கே இருந்தவை 20 இயந்திரங்கள், அவற்றிலும் சில பழுது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியுள்ளவர்களுக்கே தொடர் டயாலிசிஸ் என்பது மருத்துவமனையின் விதி. இதய நோய் இருந்ததால் அவர் அதில் சேரவில்லை. 1997 நவம்பர் 27 அன்று அரசமைப்பு நீதிமன்றம் அவர் கோரிக்கையை நிராகரித்தது. சில நாட்களில் அவர் இறந்துபோனார்.

கொடுமைதான். ஆனால் இங்கே அரசு செய்தது வாக்கு மீறலா? இயந்திரம் குறைவு, நோயாளிகள் அதிகம். யாருக்கு முதலிடம் என்பதற்கு ஒரு விதி இருந்தது, அது எல்லோருக்கும் ஒரே மாதிரி பின்பற்றப்பட்டது. அவருக்கு இடம் கொடுத்திருந்தால், பிழைக்க வாய்ப்பு கூடுதலாக உள்ள வேறொருவர் வெளியே நின்றிருப்பார். மாகாணத்தின் சுகாதார நிதியே பற்றாக்குறையில் இருந்தது. இல்லாததால் கொடுக்க முடியாமல் போவது துயரம். அதை வஞ்சனை என்று சொல்ல முடியாது. அரசு தன் கணக்கை நீதிமன்றத்தில் திறந்து காட்டியது என்பதும் கவனிக்க வேண்டியது. இந்த வழக்கில் அரசு வென்றது நியாயமென்றே படுகிறது.

அடுத்த வழக்கை அப்படிச் சொல்ல முடியாது. கருவுற்ற தாயிடமிருந்து குழந்தைக்கு ஹெச்ஐவி தொற்றாமல் தடுக்க உதவும் மருந்து நெவிரபின். பிரசவ வேளையில் தாய்க்கு ஒரு வேளை மருந்து, பிறந்த குழந்தைக்கு ஒரு வேளை; அவ்வளவுதான். தயாரித்த நிறுவனமே அதை ஐந்து ஆண்டுகளுக்கு இலவசமாகத் தர முன்வந்திருந்தது. ஆண்டுக்குச் சுமார் 70,000 குழந்தைகள் இந்த வழியில் தொற்றுக்கு ஆளாகிக்கொண்டிருந்த காலம். ஆனால் அரசோ, மாகாணத்துக்கு இரண்டு சோதனை மையங்களில் மட்டுமே மருந்து என்று வரம்பு வகுத்தது. மற்ற அரசு மருத்துவமனைகளில் மருத்துவர் கொடுக்க விரும்பினாலும் கொடுக்கக் கூடாது. ஹெச்ஐவிதான் எய்ட்ஸுக்குக் காரணமா என்றே அதிபர் தாபோ எம்பெக்கி ஐயம் கிளப்பிக்கொண்டிருந்தார். சுகாதார அமைச்சர் மான்டோ ட்ஷபலலா-எம்சிமாங் பூண்டையும் பீட்ரூட்டையும் பரிந்துரைத்துக்கொண்டிருந்தார்.

சிகிச்சைச் செயல்பாட்டு இயக்கம் வழக்குத் தொடுத்தது. அதன் முன்னணியினர் பலர் நிறவெறி எதிர்ப்புப் போராட்டத்தில் ஏஎன்சியோடு நின்றவர்கள். 2001 டிசம்பரில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தில் அரசு தோற்றது, மேல்முறையீடு செய்தது, 2002 ஜூலை 5 அன்று அரசமைப்பு நீதிமன்றத்திலும் தோற்றது. மருந்தின் பாதுகாப்பு இன்னும் உறுதியாகவில்லை, ஆலோசனையும் பரிசோதனையும் சேர்ந்த முழு ஏற்பாடு தேவை, கொள்கை வகுப்பது அரசின் வேலை என்ற வாதங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. டர்பன் வழக்கில் உண்மையாக இருந்த பற்றாக்குறை இங்கே இல்லை. மருந்து இருந்தது, மருத்துவர் இருந்தார், தாய் வாசலில் நின்றாள். தடையாக நின்றது தலைமையின் பிடிவாதம் ஒன்றுதான். நோய்க்கான மருந்துகளை உரிய காலத்தில் கொடுக்காமல் தாமதித்ததால் 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008-இல் மதிப்பிட்டார்கள். படிப்படியாக நிறைவேற்றுவோம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் உரிமை இந்த இடத்தில் அந்தக் கட்சிக்குக் கிடையாது.

இரண்டு வழக்குகளிலும் அரசின் வழக்கறிஞர்கள் ஏறத்தாழ ஒரே மொழியில்தான் பேசினார்கள். நடைமுறைச் சிக்கல், வளம், கொள்கை, முன்னுரிமை. சொல் ஒன்றாக இருக்க, உள்ளே இருந்த நிலைமை வேறு. இயலாமையையும் விருப்பமின்மையையும் வெளியிலிருந்து பிரித்தறிவது கடினம் என்பதால்தான் வழக்குத் தேவைப்படுகிறது. அரசிடம் ஆவணம் கேட்கவும், குறுக்கே கேள்வி போடவும் வேறு எந்த இடமும் ஏழைக்கு இல்லை.

இதற்கு மறுபக்கம் உண்டு, அது வலுவானதும்கூட. மக்கள் வாக்களித்து அனுப்பிய கட்சியை, யாரும் வாக்களிக்காத நீதிபதிகள் செலவு விஷயத்தில் ஏன் அதட்ட வேண்டும்? 1994-க்குப் பிறகு அரசு கட்டிக்கொடுத்த வீடுகள் 30 லட்சத்துக்கும் மேல். 1998-இல் மாதம் 100 ராண்டாகத் தொடங்கிய குழந்தை உதவித்தொகையை இன்று பதினெட்டு வயது வரை பெறலாம். இவற்றில் பெரும்பகுதி எந்த நீதிமன்ற உத்தரவும் இல்லாமல் கட்சியின் சொந்தத் திட்டமாக நடந்தவை. வழக்குப் போடத் தெரிந்தவனுக்கு வரிசையில் முன்னிடம் கிடைத்தால், பெயர் பதிந்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பவன் ஏமாளியா?

குரூட்பூம் வழக்கில் அரசு இதையே கேட்டது. கேப்டவுன் பக்கம் வாலஸ்டீன் குடிசைப் பகுதியில் தண்ணீர் தேங்கிய இடத்திலிருந்து வெளியேறி, பக்கத்துத் தனியார் நிலத்தில் குடியேறிய சுமார் 390 பெரியவர்களும் 510 குழந்தைகளும் 1999 மே மாதம், குளிர்காலம் தொடங்கும் நேரத்தில், புல்டோசர் கொண்டு வெளியேற்றப்பட்டார்கள். பொருள்கள் எரிக்கப்பட்டன. அந்த மாகாணத்தை அப்போது ஆண்டது ஏஎன்சி அல்ல. ஆனால் ஏஎன்சியின் மத்திய அரசும் மேல்முறையீட்டாளர்களில் ஒன்று. வரிசை தாண்டி வருபவர்களுக்கு வீடு கொடுக்க முடியாது என்றது அரசு. 2000 அக்டோபர் 4 அன்று தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸாக் யாகூப் அந்த அளவுக்கு அரசின் பக்கம் நின்றார்; கேட்டவுடன் வீடு என்று யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் தலைக்கு மேல் கூரையே இல்லாதவர்களுக்கென்று எந்த ஏற்பாடும் செய்யாத வீட்டுவசதித் திட்டம் நியாயமானது ஆகாது என்றார். வரிசை முக்கியம், மழையில் நனைந்துகொண்டு நிற்பவருக்கும் அந்த வரிசையில் ஓர் ஒதுங்கிடம் வேண்டும். தீர்ப்புக்குப் பிறகு அவசரகால வீட்டுவசதிக்கென்று தேசியத் திட்டம் ஒன்று வந்தது. வழக்குக்குப் பெயர் கொடுத்த ஐரீன் குரூட்பூம் 2008-இல் இறந்தபோது சொந்த வீடு இல்லாமலேயே இறந்தார்.

சோவெட்டோவின் பிரி பகுதித் தண்ணீர் வழக்கில் 2009-இல் ஏஎன்சி ஆண்ட ஜோகன்னஸ்பர்க் மாநகராட்சி வென்றது. ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர் என்ற கணக்கில் மனைக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம், அதற்கு மேல் முன்பணம் கட்டினால்தான் குழாய் திறக்கும் என்ற ஏற்பாட்டை நீதிமன்றம் ஏற்றது. ஒரு மனையில் பின்புறக் குடில்களோடு பத்துப் பதினைந்து பேர் இருக்கும் இடங்களில் அந்த 6,000 லிட்டர் எந்த மூலைக்குப் போதும் என்பது தீர்ப்பின் பலவீனம். ஆனாலும் வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே மாநகராட்சி ஏழைகளுக்கான சலுகையைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியிருந்தது.

தோல்விகளைவிடக் கட்சியின் மனத்தை நன்றாகக் காட்டுவது அதன் மேடைப் பேச்சு. 2014 தேர்தல் பிரசாரத்தின்போது குவாசூலு-நடால் மாகாண ஏஎன்சி அமைச்சர் ஒருவர், உதவித்தொகை வாங்கிக்கொண்டு எதிர்க்கட்சிக்கு வாக்களிப்பவர்கள் அரசிடமிருந்து திருடுகிறார்கள் என்ற பொருளில் பேசினார். அரசமைப்பில் கடனாளியாகக் கையெழுத்துப் போட்ட கட்சி, தெருவில் மறுபடியும் கொடையாளியின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்ட கணம் அது. தமிழ்நாட்டுத் தேர்தல் கூட்டங்களைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் குரல் புதிதாக இருக்காது. மூன்று ஆண்டுகள் கழித்து, சுமார் 1.7 கோடி உதவித்தொகைகளை வழங்கும் ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பாகிப் பல காலம் ஆகியும் மாற்று ஏற்பாடு செய்யாமல் அமைச்சர் பதாபிலே ட்லமினி கெடு நாள்வரை இழுத்தடித்தார். கடைசியில் வழக்குச் செலவில் ஒரு பகுதியை அவர் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்று அரசமைப்பு நீதிமன்றம் உத்தரவிட்டது. பொருளாதார, சமூக உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் மண்டேலா ஆட்சி 1994-இல் கையெழுத்திட்டது. அதே கட்சியின் ஆட்சி அதற்கு முறையாக ஒப்புதல் அளித்தது 2015-இல்.

இவற்றையெல்லாம்விடக் கனமானது லைஃப் எஸிடிமெனி. 2016-இல் கௌட்டெங் மாகாண அரசு, செலவைக் குறைப்பதாகச் சொல்லி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனநோயாளிகளைத் தனியார் மருத்துவ நிலையத்திலிருந்து முறையான உரிமம் இல்லாத தொண்டு இல்லங்களுக்கு மாற்றியது. உறவினர்கள் எச்சரித்தார்கள், மனநல அமைப்புகள் நீதிமன்றம்வரை போயின. 144 பேர் இறந்தார்கள். பசியாலும் தாகத்தாலும் கவனிப்பின்மையாலும் இறந்தவர்கள் அவர்களில் உண்டு. அவர்களால் மேடைக் கூட்டத்துக்கு வர முடியாது, நன்றி சொல்ல முடியாது. கொடையாளியின் கண்ணுக்குப் படாதவர்களுக்குத்தான் உரிமை என்ற ஏற்பாடே முதலில் தேவைப்படுகிறது. அங்கேதான் அது கைவிட்டது.

அப்படியென்றால் 1996-இல் செய்த தேர்வு வெறும் பூச்சா? அப்படித் தீர்ப்புச் சொல்வதும் நேர்மையாகாது. 2004 தேர்தலில் ஏறத்தாழ 70 விழுக்காடு வாக்கு பெற்று, அரசமைப்பைத் திருத்தப் போதுமான பலம் அந்தக் கட்சியிடம் இருந்தது. தன்னை அலைக்கழித்த 26, 27-ஆம் பிரிவுகளில் ஓர் எழுத்தைக்கூட அது மாற்றவில்லை. நெவிரபின் வழக்கில் தோற்ற அரசே அடுத்த சில ஆண்டுகளில் தொடங்கி விரிவாக்கிய ஹெச்ஐவி சிகிச்சைத் திட்டம் இன்று உலகிலேயே பெரியது. வற்புறுத்தலால் செய்த நன்மையில் செய்தவருக்குப் பெருமை பாதிதான் என்பது பழைய வாதம். ஒரு தனி மனிதரின் குணத்தை எடைபோடும்போது அது பொருந்தலாம். கட்சியின் விஷயத்தில், தன்னை வற்புறுத்தும் கருவியைத் தானே செய்து கொடுத்துவிட்டு, அடி விழுந்த பிறகும் அதைப் பிடுங்காமல் விட்டதையும் தராசில் வைக்கத்தான் வேண்டும். எம்பெக்கி காலத்து மரணங்களை அது ஈடுகட்டாது. அவை தனிக் கணக்கு.

2024 மே 15 அன்று, தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு, அதிபர் சிரில் ராமபோசா தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நேரம் பார்த்துச் செய்த வேலை என்ற விமர்சனம் எழுந்தது. தேர்தலில் ஏஎன்சி 40 விழுக்காட்டுக்கு இறங்கிக் கூட்டணி ஆட்சிக்குப் போனது. சட்டத்தை எதிர்த்து வழக்குகள் வரிசைகட்டின. இந்த முறை மனுதாரர்கள் குடிசைவாசிகள் அல்ல. தனியார் மருத்துவர் சங்கங்களும் காப்பீட்டு அமைப்புகளும். வளம் போதாது என்று கால் நூற்றாண்டாக நீதிமன்றத்தில் சொல்லிப் பழகிய அரசு, இப்போது எல்லோருக்கும் மருத்துவம் தர வளம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அதே நீதிமன்றங்களில் பதில் தேட வேண்டியிருக்கிறது.