பெயரா, பொருளா?

'பாஸ்' என்றால் ஓசூர் சிப்காட் தொழிலாளிக்கு முதலாளியே நினைவுக்கு வருவார். சென்னை சி-டாக் 2007-இல் வெளியிட்ட கணினி இயங்குதளத்தின் பெயரும் பாஸ். எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், படியெடுத்து வழங்கலாம் என்னும் பொதுச்சொத்துக்கு முதலாளியின் பெயர்! அதன் முழுப்பெயரின் தலையில் 'பாரத்'. அப்பெயர் கேட்டு உருகுவோரும் உளர். முகம் சுளிப்போரும் உளர். இருவருமே பொருளைப் பார்த்தாரில்லை. மனிதநேயம் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லைப் பெயராய்ச் சூடிய உபுண்டுவும், பாசும் டெபியன் என்ற ஒரே வேரில் கிளைத்தவை அன்றோ!

1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது ஏன்? பெயரை வைத்து ஆளை எடைபோடும் கேடு ஒழியத்தானே! அந்தப் பகுத்தறிவைக் கருவியிடமும் காட்டுவோம். அது தரும் உரிமை எது, தடுக்கும் உரிமை எது என்று கேட்போம்.